யாருடைய மிதிவண்டி?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. ‘பழைய இரும்பு, பழைய பேப்பர், உடைஞ்ச சேர், ஓடாத ஃபேன்...’ என்று ஸ்பீக்கரில் பதிவுசெய்த குரலை அலறவிட்டபடி, திருவரங்குளத்துத் தெருவுக்குள் குட்டியானை வண்டி ஒன்று மெதுவாக நுழைந்தது.

ஒரு வீட்டு வாசலில் ஏற்கெனவே எல்லாம் எடுத்துவைக்கப்பட்டிருந்தன. அடி ஓட்டையான பிளாஸ்டிக் குடம், இறக்கை உடைந்த டேபிள் ஃபேன், ஒரு சாக்கு நிறைய பழைய செய்தித்தாள்கள். அவற்றுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி ஒரு பார் வைத்த சைக்கிள். டயர் இல்லை. செயின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பெயின்ட் என்ன நிறம் என்று சொல்ல முடியாது. பார் மீது மட்டும் கறுப்பு டியூபைக் கிழித்து யாரோ இறுக்கமாகச் சுற்றியிருந்தார்கள்.

திண்ணையில் அந்த வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு மாணவி, தமிழ் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை திருத்திக் கொடுத்த நோட்டு. வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பற்றி, அது எதன் குறியீடு என்று எழுதச் சொல்லியிருந்தார் டீச்சர். இவள் எழுதியிருந்தது ஒரே வரி: ‘மிதிவண்டி முன்னேற்றத்தின் குறியீடு.’

அதற்கு டிக் இல்லை, மார்க்கும் இல்லை. கீழே சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. ‘யாருடைய மிதிவண்டி?’

அவளுக்குக் கோபமாக வந்தது. தப்பு என்றால் தப்பு என்று போட்டுவிட வேண்டியதுதானே! மிதிவண்டி முன்னேற்றம் இல்லை என்றால் வேறு என்ன? பக்கத்து பெஞ்சுப் பையன் ‘விளக்கு அறிவின் குறியீடு’ என்று எழுதியதற்கும் இதே கதைதான். ‘எந்த விளக்கு?’ என்று கேட்டிருந்தார் டீச்சர்.

இது தொடங்கியது இரண்டு வாரத்துக்கு முன்பு. கதை ஒன்றை வாசித்துவிட்டு, குறியீடு என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டார் தமிழ் டீச்சர். பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். புறா என்றால் சமாதானம், தாமரை என்றால் தூய்மை, சிங்கம் என்றால் வீரம், விளக்கு என்றால் அறிவு. மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. ஒரு பிழைகூட இல்லை. டீச்சரை உறுத்தியதும் அதுதான். ‘பொருத்துக’ பகுதிக்குப் படிப்பதுபோல இடப்பக்கம் ஒரு பொருள், வலப்பக்கம் ஒரு குணம் என்று மனப்பாடம் செய்திருந்தார்கள்.

“புறாவுக்கும் சமாதானத்துக்கும் என்ன சம்பந்தம்?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “வெள்ளையா இருக்கும் டீச்சர்.”

“கொக்கும் வெள்ளைதானே?”

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “எங்க வீட்டுல புறா வளக்குறோம் டீச்சர். எந்நேரமும் சண்டைதான் போடும்.”

அவன் சொன்னதில் தவறே இல்லை. புறா வளர்ப்பவர்களுக்குத் தெரியும், கூண்டில் இடத்துக்காக அது கொத்திக்கொள்ளும் கொத்து. பிறகு எப்படி சமாதானம் வந்தது? பைபிளில் நோவாவின் பேழைக்கு ஒலிவ இலையுடன் திரும்பி வந்த புறா ஒன்று இருக்கிறது. வெள்ளம் வடிந்துவிட்டது என்று சொன்ன புறா அது. 1949-ல் பாரிஸில் நடந்த உலக சமாதான மாநாட்டின் சுவரொட்டியில் பிக்காசோ வரைந்த புறா இடம்பெற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அதற்குப் பிறகு புறாவை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாத அளவுக்கு உலகம் முழுக்க அது சமாதானப் பறவையாகிவிட்டது.

ஆனால், நம் ஊர்ப் பழங்கதையில் வரும் புறா வேறு. பருந்துக்குப் பயந்து சிபிச் சக்கரவர்த்தியின் மடியில் விழுந்த புறா. அதன் எடைக்குத் தன் சதையை அறுத்துக் கொடுத்தான் அரசன். அந்த சிபியின் வழியில் வந்தவர்கள் என்று சோழர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அங்கே புறா சமாதானம் இல்லை, அடைக்கலம். நம்பி வந்த உயிர். பறவை ஒன்றுதான். அதைச் சொன்ன கதைதான் வேறு.

அடுத்து கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்தார் டீச்சர். மேலே சின்னதாக ஒரு கட்டம், கீழே பெரிதாக ஒரு கட்டம்.

“இது என்ன?”

“சேவ் பண்றது டீச்சர்!” கம்ப்யூட்டர் லேபுக்குப் போனவர்கள் கத்தினார்கள்.

“சேவ் பண்றது சரி. இது என்ன பொருளோட படம்?”

மெமரி கார்டு என்றான் ஒருவன். டிவி என்றாள் ஒருத்தி. வாஷிங் மெஷின் என்று ஒரு பதில் வந்தது. ஃப்ளாப்பி டிஸ்க் என்று ஒன்று இருந்ததையும், அதில் ஒரு போட்டோவைக்கூடச் சரியாக வைக்க முடியாது என்பதையும் கேட்டு நம்பவே முடியாமல் பார்த்தார்கள். போனில் அழைப்பதற்கான பச்சை பட்டனில் வளைந்து கிடப்பது என்ன என்று அடுத்த கேள்வி. அந்த ரிசீவரைப் பழைய சினிமாவில் பார்த்திருந்தார்கள். பொருள் செத்துப்போனாலும் அதன் படம் வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பெரியவர்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை. தேர்தலில் ஜெயித்தால் ‘வாகை சூடினார்’ என்று எழுதுகிறோம். கிரிக்கெட்டுக்கும் அதுதான், செஸ்ஸுக்கும் அதுதான். போருக்குப் போனவர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவைச் சூடியதைப் பழந்தமிழ் இலக்கணம் சொல்கிறது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, அதை மீட்டால் கரந்தை, களத்தில் நேருக்கு நேர் நின்றால் தும்பை, வென்றால் வாகை. வாகை மரம் ஒன்றும் அரிதானதல்ல, சாலையோரத்தில் நிற்கிறது. காய்ந்த காய்கள் காற்றில் சலசலக்கும். வாகைப்பூ எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் நம்மில் பலருக்கும் திண்டாட்டம்.

‘அப்ப ரோட்டுல இருக்கிற போர்டும் குறியீடுதானே டீச்சர்?’ என்று கேட்டான் ஒரு பையன். நல்ல கேள்வி. பள்ளிக்கூடம் இருக்கிறது, மெதுவாகப் போ என்று சொல்லும் போர்டுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும். லாரி டிரைவர் ஒருவிதமாகவும் பைக்கில் போகிறவர் இன்னொரு விதமாகவும் புரிந்துகொண்டால் விபத்துதான். அதைச் சின்னம், அடையாளம் என்று சொல்லலாம். தேர்தல் சின்னமும் அப்படித்தான் பிறந்தது. 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேட்பாளர் பெயரைப் படிக்க முடியாதவரும் ஓட்டுப் போட வேண்டுமே என்று, பார்த்தவுடன் தெரிகிற படங்களைக் கொடுத்தது தேர்தல் ஆணையம். இன்றைக்கும் சுயேச்சைகளுக்குக் கிடைப்பது குக்கர், கேஸ் அடுப்பு போன்றவைதான். குக்கருக்கும் வேட்பாளரின் கொள்கைக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால், ஒரே சின்னத்தில் முப்பது நாற்பது வருடம் ஓட்டுப்போட்ட ஒரு தாத்தாவிடம் போய், ‘அது வெறும் படம்தானே’ என்று சொல்லிப் பாருங்கள். சின்னம் குறியீடாக மாறியது அப்போது தெரியும்.

கதையில் வருவது இந்த இரண்டாவது வகை. அதற்கு யாரும் ஒரே அர்த்தம் போட்டுக் கொடுக்கவில்லை.

திருவரங்குளத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வெளியூர்க் கதை தேவைப்படவில்லை. ஊரில் அரங்குளநாதர் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பொற்பனைக் கதை இருக்கிறது. சொல்கிறவருக்குச் சொல்கிறவர் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை இதுதான்: காட்டில் இருந்த வேடனுக்குப் பனைமரத்திலிருந்து பொன்னாலான பழம் கிடைக்கிறது. அதன் மதிப்பு தெரியாத வேடன் அதை வணிகர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அன்றைய சாப்பாட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறான். பின்னால் அரசனுக்கு விஷயம் தெரிகிறது. அந்தப் பொன் கோயில் கட்டப் பயன்படுகிறது. பக்கத்தில் உள்ள பொற்பனைக்கோட்டையின் பெயரிலேயே அந்தப் பனை நிற்கிறது.

“இந்தக் கதையில பொன் பழம் எதோட குறியீடு?” டீச்சர் கேட்டார்.

“செல்வம்!” மறுபடியும் ஒரே குரல்.

இப்போது சைக்கிளைப் பற்றி எழுதிய அதே பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். “வேடனுக்கு அது பழம்தான் டீச்சர். பொன்னுன்னுதான் அவருக்குத் தெரியாதுல்ல?”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

வேடனுக்கு அது ஒரு வேளை அரிசி. வணிகருக்கு லாபம், கொஞ்சம் திருட்டுத்தனமும்கூட. அரசனுக்குக் கோயில். பழம் கைமாறக் கைமாற அதன் பொருளும் மாறுகிறது. ‘எதன் குறியீடு?’ என்று கேட்பதற்கு முன்பு ‘யார் கையில் இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும் என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று போகிறபோக்கில் சொன்னதில் இருந்தது. அதே பெண், வீட்டுப்பாடத்தில் ‘முன்னேற்றத்தின் குறியீடு’ என்று எழுதிவைத்தது வேறு விஷயம். நோட்டில் எழுதும்போது எல்லோருக்கும் கை தானாகவே மனப்பாடத்துக்குப் போய்விடுகிறது.

பொற்பனைக்கோட்டையில் 2023-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியபோது, பிள்ளைகள் ஆவலாகக் கேட்டது பொன் பழம் கிடைத்ததா என்றுதான். கிடைத்தது ஒரு கிராமுக்கும் குறைவான தங்க அணிகலன் ஒன்று, எலும்பு முனைக் கருவி, சிவப்பு நிறச் சூதுபவள மணி. தமிழ்நாட்டில் தோண்டிய பல இடங்களில், கீழடி உட்பட, பானை ஓடுகளில் கீறல் குறியீடுகள் கிடைத்திருக்கின்றன. மீன் போல ஒன்று, ஏணி போல ஒன்று, அம்பு போல ஒன்று. பானை செய்தவரின் அடையாளமா, பானைக்குச் சொந்தக்காரரின் அடையாளமா, வேறு ஏதாவதா? இவற்றைச் சிந்துவெளி எழுத்துகளோடு ஒப்பிட்டு ஆய்வு செய்கிறார்கள். சிந்துவெளி எழுத்தைப் புரிந்துகொள்ள வழி கண்டுபிடிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார். குறியீடு இருக்கிறது, அதைக் கையில் வைத்திருந்தவர்கள் இல்லை. அதனால்தான் இவ்வளவு பாடு.

முந்தைய வருடம் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போயிருந்தார்கள். குடைவரையின் மேற்கூரையில் தாமரைக்குளம் ஓவியம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் பலருக்கும் நினைவில் இருந்தது. ஆனாலும், குளத்தில் என்னென்ன இருந்தன என்று டீச்சர் கேட்டபோது வரிசையாக வந்தது. மீன். பறவைகள். யானை. எருமை. தாமரை பறிக்கிற ஆட்கள். எத்தனை ஆட்கள்? மூன்று. அதில் ஒருவர் தாமரையைத் தண்டோடு தூக்கித் தோளில் வைத்திருந்தார் என்று ஒருத்தி சொன்னாள். பார்த்திருக்கிறார்கள்!

அதன் பிறகுதான், அது சமண ஓவியம் என்பதையும், தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணத்துக்குப் போகிற வழியில் உள்ள குளம் என்றும், அங்கே அடியவர்கள் பூப்பறிக்கிறார்கள் என்றும் அறிஞர்கள் விளக்குவதை டீச்சர் சொன்னார்.

“அப்ப எருமை எதுக்கு டீச்சர்?”

“குளம்னா எருமை இருக்கும்ல?” என்று இன்னொருவன் பதில் சொன்னான்.

இருக்கலாம். ஆயிரம் வருடங்களுக்கும் முன்பு அண்ணாந்து படுத்துக்கொண்டோ நின்றுகொண்டோ அதை வரைந்தவர், தன் ஊர்க் குளத்தைத்தானே கண்ணில் வைத்து வரைந்திருப்பார். எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் தேடுவது ஒரு வியாதி. சினிமா வந்த மறுநாளே ஹீரோ சட்டையின் நிறத்துக்குப் பத்து விளக்கம் எழுதும் நமக்கெல்லாம் அது கொஞ்சம் உண்டு. எருமை எருமையாகவும் இருக்கட்டும்.

இப்படி இரண்டு வாரம் போன பிறகு வந்ததுதான் அந்த வீட்டுப்பாடம். அதற்குப் பதிலாக வந்ததுதான் சிவப்பு மைக் கேள்வி.

குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. அப்பா முதலில் பேப்பர் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். திண்ணையில் இருந்தபடியே அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அப்பத்தா, இந்த சைக்கிள் யாரோடது?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பத்தா முறத்தோடு வெளியே வந்தார். “ஏன், என்னோடதுதான்.”

“நீ சைக்கிள் ஓட்டுவியா?”

“பின்ன, அதை வச்சு அடுப்பா எரிச்சேன்?”

அவளுக்கு இது தெரியாது. சைக்கிள் எப்போதும் கொல்லையில் இருந்தது, ஒருநாளும் ஓடியதில்லை. ஐயா ஓட்டியது என்றுதான் நினைத்திருந்தாள். பார் வைத்த சைக்கிள் ஆம்பளைகளுக்கானது இல்லையா?

அப்பத்தா சொன்ன கதை இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் உள்ள கதை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கூலிவேலை முடித்து வந்த பெண்கள் இரவில் சிம்னி வெளிச்சத்தில் அ, ஆ எழுதினார்கள். கூடவே சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லியே ஒரு பாட்டு ஊர் ஊராகப் பரவியது. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவருடைய இந்தக் கட்டுரை, என்.சி.இ.ஆர்.டி-யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல வருடங்கள் இருந்தது. வடமாநிலப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த பெண்களில் ஒருவர், திருவரங்குளத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

“நீயும் அந்த ஊர்வலத்துக்குப் போனியா?”

“போனேன். பாதி வழியில செயினு கழண்டுருச்சு. நானே மாட்டினேன். கையெல்லாம் மையி. அப்புடியே புடவையில துடைச்சுட்டேன். வீட்டுல வந்து ஏச்சு வாங்குனேன்.”

“டீக்கடையில எல்லாம் சிரிச்சாங்களா அப்பத்தா?”

“சிரிச்சானுக. நமக்கு என்ன? திரும்பிப் பாத்தா விழுந்துருவோம்னு பாக்கவே இல்ல.”

“லேடீஸ் சைக்கிள் வாங்கலையா?”

“எங்க கிடைச்சது? அம்புட்டுப் பேரும் வாங்குனா எங்க கிடைக்கும்? செகண்ட் ஹேண்ட்ல இதுதான் வந்துச்சு. அப்புறம் இதுவே தேவலைன்னு ஆயிப்போச்சு. பாருல புள்ளைய உக்கார வைக்கலாம்ல?”

சாய்நாத்தும் இதை எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் ஆண்கள் சைக்கிளை வாங்கிய பெண்கள், முன்னால் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பினார்களாம். பாரில் சுற்றியிருந்த டியூப் எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. குழந்தைக்கு உறுத்தக் கூடாது என்பதற்காகச் சுற்றியது.

“சைக்கிள் ஓட்டினப்போ உனக்கு எப்புடி இருந்துச்சு? சுதந்திரமா இருந்துச்சா?” நோட்டில் எழுதத் தோதாக ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள் பேத்தி.

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். “பஸ்ஸுக்கு நிக்க வேணாம்டி” என்றார்.

அவ்வளவுதான். புதுக்கோட்டைச் சந்தைக்கு ஏழெட்டு கிலோமீட்டர். கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால், வருகிற பஸ் மூட்டையை ஏற்றாது. அடுத்த பஸ்ஸுக்குள் கீரை வாடிவிடும். இல்லையென்றால் ஐயா கொண்டுபோய்க் கொடுத்து, ஐயாவே காசை வாங்கி வருவார். அந்தக் காசு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பது ஐயாவின் மனநிலையைப் பொறுத்தது. சைக்கிள் வந்த பிறகு விடியற்காலையில் கிளம்பி, விற்றுவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்குள் திரும்பிவிடலாம். காசும் முந்தானையில் இருக்கும். இதையெல்லாம் அப்பத்தா ஏதோ ரேஷன் கணக்கு சொல்வதுபோலச் சொன்னார்.

அப்பா இதற்குள் சைக்கிளைத் தூக்கப் போனார். பாரில் இருந்த டியூப்பைப் பார்த்து ஒரு நொடி நின்றார். “இதுல உக்காந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

“அப்பா, இதைப் போடாதீங்கப்பா.”

அப்பா பதில் சொல்லவில்லை. போடத் தூக்கியவரும் அவர்தான், இப்போது பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். வண்டிக்காரர் தராசுக் கொக்கியோடு காத்திருந்தார்.

“விடுடா, போகட்டும்” என்றார் அப்பத்தா. “துருப்பிடிச்சதை வச்சு பூசையா போடப்போறோம்? இவ ஒருநாள் கால்ல இடிச்சுக்கிட்டா ஊசி போட அலையணும்.”

கொக்கியில் மாட்டினார்கள். பதினாறு கிலோ. கிலோ இருபத்தைந்து என்றார் வண்டிக்காரர். முப்பதுக்குக் குறைந்தால் இறக்கி வைத்துவிட்டுப் போ என்றார் அப்பத்தா. வார்ப்பு இரும்பு இல்லை, தகரம்தான் என்று அவரும், அந்தக் காலத்துச் சாமான், தூக்கிப் பார்த்துப் பேசு என்று இவரும் சொல்லி, கடைசியில் இருபத்தெட்டுக்கு வந்தது. நானூற்று நாற்பத்தெட்டு. ஐந்நூறாகக் கொடுத்துவிட்டு ஐம்பது வாங்கிக்கொண்டு போனார் வண்டிக்காரர். நோட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, அப்பத்தா கீரைக்குத் திரும்பிவிட்டார்.

அவள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அப்பாவிடமும் பேசவில்லை, அப்பத்தாவிடமும் பேசவில்லை. இரவு எட்டு மணிக்கு நோட்டை எடுத்தாள். முதல் வரியை அடித்துவிட்டு எழுதத் தொடங்கி ஒன்றேகால் பக்கம் எழுதினாள். ‘முன்னேற்றம்’ என்ற வார்த்தை அதில் வரவில்லை. ‘சுதந்திரம்’ எழுதி அடித்திருந்தாள். கீரை வாடியது இருந்தது. கையில் ஒட்டிய மை இருந்தது. பாரில் சுற்றிய டியூப் இருந்தது. ‘இது எங்கள் அப்பத்தா பஸ்ஸுக்கு நிற்காமல் போன மிதிவண்டி. இதன் பாரில் எங்கள் அப்பா உட்கார்ந்து வந்தார். இன்று காலை இதை 448 ரூபாய்க்கு விற்றுவிட்டோம்’ என்று முடித்திருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அதை வாசிக்கச் சொன்னார் டீச்சர். வாசித்து முடித்ததும், ‘எந்த விளக்கு?’ என்று கேள்வி வாங்கிய பையன் எழுந்தான். அவனுக்கு ஒரு சந்தேகம்.

“சைக்கிள்தான் போயிருச்சுல்ல டீச்சர். அப்ப குறியீடு இப்ப எங்க இருக்கு? அந்த வண்டிக்காரர்கிட்டயா?”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. வண்டிக்காரர் கையில் அது பதினாறு கிலோ இரும்புதான் என்று ஒருத்தி சொன்னாள். அப்பத்தாகிட்ட இருக்கு என்றான் ஒருவன். அவங்களே வித்துட்டாங்களே என்றான் இன்னொருவன். நோட்டுல இருக்கு என்றது ஒரு குரல். சத்தம் கூடிக்கொண்டே போனபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள். கேள்வி அப்படியே நின்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைப் போட்டதும் அப்பத்தா கை நீட்டினார். “என்னமோ எழுதுனியாமே, குடு பாப்போம்.”

“நான் படிச்சுக் காட்டவா?”

“ஏன், எனக்குத் தெரியாதா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் வெளிச்சம் படும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாக வாசித்தார். ஒன்றேகால் பக்கத்துக்கு வெகுநேரம் ஆனது. இடையில் ஒரு தடவை சிரித்தார். எந்த வரிக்கு என்று தெரியவில்லை. கடைசி வரிக்கு முந்தைய வரியில் விரல் நின்றது. மறுபடி ஒருமுறை அதையே வாசித்தார்.

“இது தப்பு.”

“எது அப்பத்தா?”

“பாருல உக்காந்தது உங்கப்பன் இல்ல. அவன் அப்பவே வளந்துட்டான், பின்னால கேரியர்ல உக்காருவான். பாருல உக்காந்தது உங்க அத்தை. அவதான் சின்னவ. மணியடிச்சுக்கிட்டே வருவா.”

“அப்பா அப்புடித்தானே சொன்னாரு?”

“அவன் சொல்லுவான். நீ மாத்தி எழுது.”

அவள் பைக்குள் கையைவிட்டு ரப்பரைத் தேடினாள். பேனாவில் எழுதியது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.